கூடு விட்டுக் கூடு பாயும் குரல்கள்

எந்தக் கருவியிலும் கேட்கும்படி ஒலிக் கோப்பை மாற்றிவிடலாம். மாற்றிய கையோடு மூலத்தை அழிப்பதில்தான் ஆபத்து.

நாட்டின் எந்த நகரத்திலும் நடக்கக்கூடிய காட்சி இது. மறைந்த பாட்டி எப்போதோ வாட்ஸ்அப்பில் பாடி அனுப்பிய தாலாட்டைப் பேரன் பென் டிரைவில் ஏற்றி, காரில் செருகுகிறார். அதிலுள்ள சினிமாப் பாடல்கள் எல்லாம் ஒலிக்கின்றன. பாட்டி மட்டும் வாய் திறக்கவில்லை. இந்தக் கோப்பை இயக்க முடியாது என்கிறது திரை.

கோப்பு கெட்டுப்போகவில்லை. அதைப் படிக்கக் காருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். வாட்ஸ்அப் குரல் பதிவுகள் 'ஓபஸ்' என்ற வடிவத்தில் சேமிக்கப்படுகின்றன. ஐபோனில் பதிவு செய்தால் அது பெரும்பாலும் 'ஏ.ஏ.சி.' ஒரு காலத்தில் கோலோச்சிய பட்டன் போன்கள் பல, பேச்சை 'ஏ.எம்.ஆர்.' வடிவில் வைத்தன. பழைய கார் ஸ்டீரியோக்களோ பெரும்பாலும் எம்.பி.3-ஐயும் வேறு ஓரிரு வடிவங்களையும் மட்டுமே அறிந்தவை. கோப்புப் பெயரின் கடைசி எழுத்துகளை மட்டும் மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. மண்ணெண்ணெய் டின்னில் நல்லெண்ணெய் லேபிள் ஒட்டுவதைப் போன்றது அது. உள்ளே இருப்பது மாறாது.

இத்தனை வடிவங்கள் பிறந்ததற்கு இடப் பஞ்சம் ஒரு முக்கியக் காரணம். காம்பாக்ட் டிஸ்க்கில் ஒலி, வினாடிக்கு 44,100 முறை அளந்து எழுதப்படுகிறது. ஒரு நிமிட இசைக்கு ஏறத்தாழ 10 மெகாபைட் தேவை. 1990களின் கணினிகளுக்கு அது பெரும் சுமை. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனப் பொறியாளர்கள் முக்கியப் பங்காற்றி உருவாக்கிய சுருக்கும் முறைக்கு 1995-இல் எம்.பி.3 என்ற பெயர் நிலைத்தது. பலத்த ஓசைக்குப் பக்கத்தில் எழும் மெல்லிய ஓசையைக் காது கவனிப்பதில்லை. எனவே அதைக் கழித்துவிடலாம் என்பதே அதன் சூத்திரம். 128 கிலோபிட் எம்.பி.3 கோப்பு, டிஸ்க்கில் உள்ள கோப்பில் 11-இல் ஒரு பங்குதான். ஒரே வட்டில் 100-க்கும் மேற்பட்ட பாடல்கள் இந்திய நடைபாதைகளுக்கு வந்தது இப்படித்தான்.

ஆனால் கழித்தது கழித்ததுதான். சுருங்கிய கோப்பை 320 கிலோபிட்டுக்கு உயர்த்தினால் அளவு பெருகுமே தவிர, போன ஒலி திரும்பாது. ஒரு படி அரிசியைப் பெரிய சாக்கில் கொட்டினால் மூட்டை அரிசி ஆகிவிடாது. எம்.பி.3-இலிருந்து ஏ.ஏ.சி., அதிலிருந்து மீண்டும் எம்.பி.3 என்று மாற்றிக்கொண்டே போனால், ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்த கதைதான். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மங்கும்.

ஆவணக் காப்பகங்கள் இதை அறிந்தவை. எதையும் கழிக்காத 'வேவ்' வடிவில், குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் மூலத்தைப் பதிந்து வைக்கும்படி சர்வதேச ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கம் பரிந்துரைக்கிறது. கேட்பதற்கு மட்டும் அதிலிருந்து சிறிய பிரதி எடுக்கப்படும். வீட்டுக்கும் இதே விதி பொருந்தும். மாற்ற வேண்டியது பிரதியை, மூலத்தை அல்ல. அந்த மூலமும் இரண்டு இடங்களில் இருக்க வேண்டும். மாற்றுவதற்கு வி.எல்.சி., ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள்களே போதும். குடும்பத்தின் குரலை முகம் தெரியாத இணையதளங்களில் ஏற்ற வேண்டிய அவசியமில்லை. இடம் போதவில்லை என்றால் 2001-இல் வெளியான 'ஃப்ளாக்' இருக்கிறது. அது எதையும் இழக்காமலேயே வேவ் கோப்பைப் பாதியளவுக்குச் சுருக்கக்கூடியது.

பரணில் கிடக்கும் கேசட்டுகளின் நிலைதான் அவசரமானது. நாடாவில் பூஞ்சை பிடிக்கிறது, டேப்ரிகார்டர்களும் அரிதாகிவிட்டன. இங்கே குறுக்கு வழியும் கிடையாது. 60 நிமிட கேசட்டை வழக்கமான முறையில் கணினிக்கு மாற்ற, 60 நிமிடம் ஓடவிட்டே ஆக வேண்டும்.

1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியபோது, பாட்டின் முடிவில் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். இசைத்தட்டு அச்சாகும் ஜெர்மனியின் ஹானோவர் நகரில், லேபிள் ஒட்டுபவர்கள் யாருடைய பாட்டு என்று அறிவதற்காக. அரக்கு கலந்த தட்டில் சுழன்ற அந்தக் குரல் இன்று செல்போனில் கேட்கிறது. தட்டை யாரோ தூக்கி எறியாமல் வைத்திருந்தார்கள் என்பதே காரணம்.

காரில் வாய் திறக்காத பாட்டியை எம்.பி.3 ஆக்க ஒரு நிமிடம் போதும். அதன் பிறகு போனில் இருக்கும் ஓபஸ் கோப்பைப் பேரன் என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெயரும் தேதியும் எழுதி இன்னோர் இடத்திலும் சேமித்தால், அடுத்த தலைமுறையின் கருவி எதுவானாலும் தாலாட்டு அதற்குள் குடியேறும். போனை மாற்றும் அவசரத்தில் அழித்துவிட்டால், மிஞ்சுவது ஜெராக்ஸ் மட்டும்தான்.