பாதுகாப்பு ஆணை கிடைத்தாலும் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது?

விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்துள்ளது கூனிமேடு. இக்கடலோரத்தில் நிலமோ படகோ இல்லாத தலித் குடும்பத்துப் பெண்ணுக்கு, கையில் காசு தரும் வேலைகளில் முதன்மையானது உப்பளக் கூலி. விடியுமுன் பாத்தியில் இறங்கி, வெயில் ஏறுமுன் உப்பை வாரி அம்பாரத்தில் கொட்டியாக வேண்டும். கணவனின் அடி உதையைப் பற்றிப் புகாரளிக்க அவள் விழுப்புரம் புறப்பட்டால் அன்றைய கூலி போய்விடும். குழந்தையை யாரிடம் விடுவது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. எந்த வீட்டின் மீது புகார் சொல்லப் போகிறாளோ, பல நேரங்களில் அந்த வீட்டில்தான் குழந்தையையும் விட்டுச் செல்ல வேண்டியிருக்கிறது.

குடும்ப வன்முறையை ஒரு கோப்பாகவும் குழந்தைப் பராமரிப்பை வேறொரு கோப்பாகவும் அரசு பிரித்து வைத்திருப்பதன் விளைவு இது. ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21), தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையிலான மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளாகியுள்ளனர். நாட்டின் சராசரி 29. ஆனால் நாடு முழுவதும் வன்முறைக்கு ஆளானவர்களில் உதவி நாடியவர்கள் 14 விழுக்காட்டினரே.

சட்டம் தருவது என்ன?

2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005, தண்டனையை விட நிவாரணத்தையே முதன்மையாகக் கருதுகிறது. குற்றவியல் நடுவரிடம் அளிக்கும் மனுவை வழக்கமாக 3 நாட்களுக்குள் விசாரணைக்கு எடுத்து, 60 நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும். பிரிவு 19 வசிப்பிட உரிமையையும், பிரிவு 21 குழந்தையின் தற்காலிகப் பொறுப்பையும் தருகின்றன. பிரிவு 20-இன் கீழ் மருத்துவச் செலவு, இழந்த வருமானம், தனக்கும் குழந்தைகளுக்குமான பராமரிப்புத் தொகை ஆகியவற்றைக் கோரலாம். தாய்வீட்டில் தங்கியிருப்பவர் அப்பகுதி நடுவரிடமே மனு அளிக்கலாம் என்கிறது பிரிவு 27.

பாதுகாப்பு அலுவலர்களை வட்ட அளவு வரை நியமிக்க வேண்டும் என 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆணையிட்டது. 181 உதவி எண்ணும் மாவட்டந்தோறும் ஒருங்கிணைந்த சேவை மையமும் உள்ளன. அங்கே குழந்தையோடு தங்கலாம். ஆனால் சில நாட்கள் மட்டுமே. அதன்பின் அவள் வேலைக்குத் திரும்பியாக வேண்டும்.

கணவரும் பட்டியல் சாதியினராக இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதன்வழி வரும் நிவாரணமும் பொருந்தா என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அப்பெண்ணுக்கு 2005-ஆம் ஆண்டுச் சட்டமும் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 85-உம் போன்றவையே துணை.

உப்பளமும் தொழிற்சாலையே

கடல்நீரை உப்பாக்குவது உற்பத்திப் பணி என்றும், திறந்தவெளி உப்பளமும் தொழிற்சாலையே என்றும் 1961-இல் ஆர்தேஷிர் பிவண்டிவாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழிற்சாலைகள் சட்டத்தின் பிரிவு 48, 30-க்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. குத்தகை குத்தகையாக உப்பளங்கள் பிரிந்து கிடக்கும்போது இந்த எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டுவது எளிது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, ஆண்களையும் சேர்த்து 50-க்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனங்களையே காப்பக ஏற்பாட்டிற்கு உட்படுத்துகிறது. பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுக் காப்பகம் நடத்தவும் அது இடமளிக்கிறது. மரக்காணத்திற்கு உதவக்கூடியது இந்த இரண்டாவது வழிதான்.

ஒன்றிய அரசின் பால்னா திட்டத்தில், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளை மாதம் 26 நாட்கள், நாளொன்றுக்கு ஏழரை மணி நேரம் பார்த்துக்கொள்ளும் அங்கன்வாடிக் காப்பகங்களை அமைக்கலாம். ஆனால் பத்து மணிக்குத் தொடங்கும் காப்பகத்தால், விடியுமுன் பாத்தியில் இறங்குபவளுக்குப் பயனில்லை.

காப்பீடும் இந்த இடைவெளியை நிரப்பவில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. கை முறிந்து வீட்டில் கிடக்கும் நாட்களின் கூலியையோ, அந்நாட்களில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவையோ அது ஏற்பதில்லை. உப்பளத் தொழிலாளர்களுக்கான 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணமும், ஒரு குடும்ப அட்டைக்கு ஒருவர் என வழங்கப்படும் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையும் இதற்கு ஈடாகா.

என்ன கேட்க வேண்டும்?

உப்பளக் கிராமங்களில் விடியற்காலையிலேயே திறக்கும் பால்னா காப்பகங்கள் வேண்டும். தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் வளர்ச்சிச் செயல் திட்டச் சட்டம், 2024-இன் கீழ் ஒதுக்கப்படும் நிதியில் ஒரு பகுதியை இதற்கு அளிக்கலாம். பாதுகாப்பு அலுவலர் வாரம் ஒரு நாளாவது மரக்காணத்திலேயே மனுக்களைப் பெற வேண்டும். பிரிவு 20-இன்படி மனு எழுதும்போது இழந்த கூலியையும் குழந்தைப் பராமரிப்புச் செலவையும் தனித்தனியே கணக்கிட்டுக் கோருவதை வழக்கமாக்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. அடுத்த கிராம சபையிலேயே, காப்பகம் திறக்க வேண்டிய நேரத்தையும் குறிப்பிட்டு, தீர்மானமாகக் கொண்டுவரலாம்.