மலைச்சரிவிலே வண்டியைக் காக்கும் கம்பி வடம்

கண்டி மாநகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் சமதரை என்பது கிடைத்தற்கரிய பொருள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த ஒரு கிண்ணத்தின் அடியிலே வாவியும் தலதா மாளிகையும் கடைத்தெருக்களும் அமைந்திருக்கின்றன. கிண்ணத்தின் ஓரங்களிலே வீடுகளும் பாடசாலைகளும் படிப்படியாக ஏறிச் செல்கின்றன. ஆதலால் இவ்வூரில் மோட்டார் வண்டி வைத்திருப்போர் வீட்டு வாசலில் அதை நிறுத்துவதும் சரிவிலே. பாடசாலை வாயிலில் பிள்ளைகளை இறக்குவதும் சரிவிலே. ஹந்தானைத் தோட்டப் பாதையில் ஏறியவர்களுக்கும், மகியங்கனை வீதியில் ‘பதினெட்டு வளைவு’ எனப் பெயர் பெற்ற இறக்கத்தைக் கண்டவர்களுக்கும் இதனை விளக்க வேண்டுவதில்லை.

இத்தகைய ஊரிலே ஒரு வண்டி எவ்வளவு வேகமாக ஓடும் என்று கேட்பதற்கு முன், ஆளில்லாத வேளையில் அசையாமல் நிற்குமா என்று கேட்பதே அறிவுடைமை. பழைய கார்களைப் பிரித்துத் தம் விருப்பம்போலப் புதுவண்டி கட்டும் இளைஞர்கள் இக்கேள்வியைப் பெரும்பாலும் கடைசியிலேதான் கேட்கிறார்கள். எஞ்சின், சக்கரம், வர்ணம் என்பனவெல்லாம் முடிந்தபின், கைப்பிறேக்குக்குரிய கேபிளைக் கையில் கிடைத்த ஏதோவொரு கம்பியால் இழுத்துக் கட்டிவிடுவோரும் உளர். அது எத்துணைப் பிழையானது என்பதையும், அதனை முறையாகப் பொருத்துவது எவ்வாறு என்பதையும் இங்கு நோக்குவோம்.

‘ஹொட் ரொட்’ என்னும் ஆசை

பழைய வண்டியின் பாரத்தைக் குறைத்து, வலிமை மிக்க எஞ்சினைப் பூட்டி, வேகம் மிக்கதாக மாற்றிய வண்டியை அமெரிக்கர் ‘ஹொட் ரொட்’ என்பர். 1930ஆம் ஆண்டுகளில் கலிபோர்னியாவின் வரண்ட ஏரித் தரைகளிலே இளைஞர்கள் இத்தகைய வண்டிகளை ஓட்டிப் பார்த்தனர். 1932ஆம் ஆண்டின் போர்ட் வண்டி அவர்களுக்கு மிக உகந்ததாயிருந்தது. 1948இல் இவ்வண்டிகளுக்கென்றே ஒரு சஞ்சிகையும் அங்கு தோன்றியது.

வண்டியைக் கூர்மையாக்கும் ஆசை இலங்கைக்கும் புதியதன்று. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934இலேயே தொடங்கிவிட்டது. 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் உற்பத்தியான மொரிஸ் மைனர் வண்டிகளுள் பல இன்றும் நம் தெருக்களில் ஓடுகின்றன. ஒரு வண்டியின் பின்னச்சு, மற்றொன்றின் எஞ்சின், வேறொன்றின் ஆசனம் என்று சேர்த்துக் கட்டும்போது, கைப்பிறேக் நெம்பு ஒரு நிறுவனத்தினதாகவும் பின்சக்கர டிரம் மற்றொரு நிறுவனத்தினதாகவும் அமைந்துவிடும். இரண்டையும் இணைக்கும் கேபிள் எந்தக் கடையிலும் ஆயத்தமாக இராது. தொல்லை தொடங்கும் இடம் இதுவே.

எண்ணெய் இருக்கக் கம்பி ஏன்?

‘காற்பிறேக் எண்ணெய் அழுத்தத்தால் இயங்குகிறதே, அதனையே பூட்டி வைத்தால் என்ன?’ என்று மாணவர் கேட்கக்கூடும். நல்ல கேள்விதான். எண்ணெய் அழுத்தம் சில நிமிடங்களுக்கு நம்பத்தக்கது. இரவு முழுவதற்கும் நம்பத்தக்கதன்று. ஒரு றப்பர் வளையத்தின் வழியே துளித்துளியாகக் கசிந்தாலும் பிடி தளர்ந்துவிடும். இழுத்துப் பூட்டிய உருக்குக் கம்பியோ விடியும்வரை அப்படியே நிற்கும். காற்பிறேக் முற்றாகக் கைவிட்டபோதும் உதவவல்ல தனிவழி அது ஒன்றே. போர்ட் நிறுவனம் 1939ஆம் ஆண்டு வண்டிகளில்தான் எண்ணெய்ப் பிறேக்கை ஏற்றது. அதற்கு முன் அந்நிறுவனத்தின் கார்களில் எல்லாப் பிறேக்கும் கோலாலும் கம்பியாலுமே இயங்கின.

நம் முன்னோரும் இவ்வுண்மையை அறிந்திருந்தனர். கண்டிக்கு வடக்கே மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசிமகத்தன்று பஞ்சரதங்கள் பவனி வருவதைக் கண்டிருப்பீர்கள். தேர் எத்துணைப் பெரிதாயினும் அதனை நிறுத்துவது சக்கரத்தடியில் இடும் முட்டுக்கட்டையன்றோ? அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். முட்டுக்கட்டை இல்லாத தேரோ ஓடத் தொடங்கினால் நில்லாது.

ஒரு சிறு கணக்கு

ஐந்தடிக்கு ஓரடி உயரும் சரிவிலே 1000 கிலோ எடையுள்ள வண்டி நிற்பதாகக் கொள்வோம். ஐரோப்பிய நாடுகளின் விதிகளும் ஏறத்தாழ இத்தகைய சரிவிலே, அதாவது நூற்றுக்கு 20 பங்குச் சரிவிலே, பாரமேற்றிய கார் கைப்பிறேக்கினால் மாத்திரம் நிற்றல் வேண்டும் என்கின்றன. கடுகண்ணாவை இறக்கத்தில் இருப்புப்பாதை 45 அடிக்கு ஓரடி அளவிலேயே ஏறுகிறது என்பதை நினைத்தால் இச்சரிவின் கடுமை விளங்கும்.

இச்சரிவில் வண்டியைக் கீழே இழுக்கும் வலிமை ஏறத்தாழ 200 கிலோ. பின்சக்கரம் ஒவ்வொன்றும் 100 கிலோவைத் தாங்க வேண்டும். டயரின் ஆரை 30 சென்ரிமீற்றரும் டிரமின் ஆரை 10 சென்ரிமீற்றருமாயின், டிரமின் உட்புறத்தில் அது மும்மடங்காகி 300 கிலோ ஆகிறது. நமது கையோ 25 கிலோவுக்கு மேல் எளிதில் இழுக்காது. நெம்பு அதனை ஏழு மடங்காக்கினால் 175 கிலோ. இரு சக்கரங்களுக்கும் பகிர்ந்தால் தலைக்கு 87 கிலோ. டிரமுக்குள் இருக்கும் சிறு நெம்பு அதனை நான்கு மடங்காக்கினால் 350 கிலோ அளவு. இவ்வலிமையால் விரியும் இரு பிறேக் ஷூக்களும் சேர்ந்து வேண்டிய உராய்வைத் தரப் போதிய கையிருப்பு இதில் உண்டு.

ஆனால் இக்கணக்கில் ஒரு திருடன் ஒளிந்திருக்கிறான். அவன் கேபிளின் வளைவு. உறைக்குள் செல்லும் கம்பி, வளையும் இடமெல்லாம் உறையோடு உராய்கிறது. எண்ணெய் காய்ந்த உறையில் ஒரு நேர்கோண வளைவிலேயே ஐந்தில் ஒரு பங்கு வலிமை தேய்ந்துபோகலாம். அத்தகைய வளைவுகள் மூன்று இருப்பின் ஏறத்தாழப் பாதி போய்விடும். நெம்பை இழுப்பவர் தம் கை வலிப்பதைக் கொண்டு பிறேக் இறுகிவிட்டது என்று எண்ணுவார். சக்கரத்துக்கோ அச்செய்தி எட்டியிராது.

பொருத்தும் முறை

உறைக்குள் கம்பியை ஓடவிடும் இவ்வகைக் கேபிளுக்கு பௌடன் என்னும் ஆங்கிலேயர் 1896இல் உரிமைப்பத்திரம் பெற்றார். சைக்கிளிலும் நாம் காண்பது இதுவே. இதன் இரகசியம் யாதெனில், உறையின் இரு நுனிகளும் அசையாமல் ஊன்றியிருத்தல் வேண்டும். ஒரு முனை நழுவினாலும் கம்பி இழுபடுவதற்குப் பதிலாக உறையே நெளியும். எனவே உறையின் முன்முனையைச் சட்டகத்தில் தடித்த இரும்புத் தாங்கி ஒன்றிலும், பின்முனையைச் சக்கரத்தின் பின்தட்டிலும் உறுதியாகப் பிணித்தல் வேண்டும். மெல்லிய தகட்டுத் தாங்கி வளைந்து கொடுக்கும், உதவாது.

கேபிளுக்கு அளவெடுக்கும்போது வண்டி தன் சொந்தச் சக்கரங்களில், தன் முழுப் பாரத்தோடு நிற்றல் அவசியம். ஜாக்கில் தூக்கிய நிலையில் பின்னச்சு கீழே தொங்கும். அந்நிலையில் எடுத்த அளவு பிழைபடும். ஒரு தடித்த கயிற்றைக் கேபிள் செல்லவிருக்கும் வழியே வைத்துப் பார்த்து, அச்சு மேலும் கீழும் ஆடுவதற்கு இடம் விட்டு நீளத்தைக் குறித்தல் நன்று. புகைக்குழாயிலிருந்தும் சுழலும் தண்டிலிருந்தும் கேபிள் விலகியிருக்க வேண்டும். வழி இயன்றவரை நேராகவும், வளைவுகள் அகலமாகவும் இருக்கட்டும்.

நெம்பிலிருந்து ஒரே கம்பி வந்து இரு சக்கரங்களுக்கும் பிரியுமிடத்தில், இரு பக்க இழுவையையும் சமப்படுத்தும் நுகம் ஒன்று வேண்டும். அது தராசுக்கோல் போன்றது. ஒரு கேபிள் சிறிது நீண்டுவிட்டால் தானே சாய்ந்து இரு பக்கமும் ஒத்த வலிமையைக் கொடுக்கும். மொரிஸ் மைனரிலோ இரு தனிக் கேபிள்கள் நெம்புக்கே வந்து சேருகின்றன. அங்கே ஒவ்வொன்றுக்கும் உரிய சுரையைத் திருகிச் சமப்படுத்த வேண்டும்.

கம்பியின் முனையில் பூட்டும் முடிச்சு மிக முக்கியமானது. உரிய பொறியினால் நசுக்கி இறுக்கிய முனையே தகும். கம்பியை மடித்துக் கட்டுவதும், வெல்டிங் செய்வதும் கூடா. மிகுந்த சூடு பட்ட உருக்குக் கம்பி தன் வலிமையை இழந்து, கண்ணுக்குத் தெரியாமலே நைந்துவிடும். மலைநாட்டு மழைநீர் உறைக்குள் புகாதவாறு றப்பர் உறையும் கிறீசும் இடுவது அவசியம்.

சரிப்படுத்தும் வரிசையும் உண்டு. முதலில் டிரமுக்குள் ஷூக்களைச் சரிசெய்க. அதன் பின்னரே கேபிளின் தளர்வை எடுக்க. தேய்ந்த ஷூவைக் கேபிளை இறுக்கிச் சமாளிக்க முயல்வது நோயை மறைத்து வைப்பதற்கு ஒப்பாகும். நெம்பை விட்டதும் சக்கரங்கள் தடையின்றிச் சுழல்கின்றனவா என்பதையும் பார்த்தல் வேண்டும்.

சோதனையும் எச்சரிக்கையும்

வேலை முடிந்ததும் ஆள் நடமாட்டமற்ற சரிவொன்றில் வண்டியை நிறுத்துங்கள். ஒருவர் ஆசனத்தில் அமர்ந்து காலைப் பிறேக்கின்மேல் ஆயத்தமாக வைத்திருக்கட்டும். சக்கரத்துக்குக் கீழ்ப்புறம் சிறு இடைவெளி விட்டு மரக்கட்டை ஒன்றை இடுங்கள். கியரை விடுவித்துக் கைப்பிறேக்கை இழுத்து, மெல்லக் காலை எடுத்துப் பாருங்கள். வண்டி மேல்நோக்கி நிற்கும்போதும் கீழ்நோக்கி நிற்கும்போதும் சோதித்தல் வேண்டும். ஏனெனில் பிறேக் ஷூக்கள் இரு திசையிலும் ஒரே அளவாகப் பிடிப்பதில்லை.

பின்சக்கரங்களுக்கு டிரமை நீக்கித் தட்டுப் பிறேக் பூட்டுவோர் இன்னொன்றையும் நினைவிற் கொள்க. நீண்ட இறக்கத்தில் இறங்கிய வண்டியின் பிறேக் சூடேறியிருக்கும். டிரம் குளிரும்போது சுருங்கி ஷூவை மேலும் இறுக்கும். தட்டோ குளிரும்போது மெலிந்து பிடியைத் தளர்த்தும். இறங்கியவுடன் உறுதியாக நின்ற வண்டி அரைமணி கழித்து உருளத் தொடங்குவது இதனாலேயே. அத்தகைய வண்டியில் நெம்பை இன்னும் ஓரிரு பல் கூடுதலாக இழுப்பதே வழி.

மேல்நோக்கி நிற்கும் வண்டியை முதலாம் கியரிலும், கீழ்நோக்கி நிற்பதைப் பின்கியரிலும் விடுவது நல்ல பழக்கம். நடைபாதைக் கல் இருக்கும் தெருவில், இறக்கத்தில் முன்சக்கரங்களை இடப்பக்கமாகவும் ஏற்றத்தில் வலப்பக்கமாகவும் திருப்பி வைத்தால், உருளும் வண்டியைக் கல்லே தடுக்கும். ஓரத்தில் கல்லுக்குப் பதிலாகப் பள்ளமே இருக்கும் தோட்டப் பாதைகளில், லொறிக்காரர் இடுவதுபோல் கட்டை இடுவதே தக்கது. அமைப்பு மாற்றிய வண்டியை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியின்றித் தெருவில் இறக்கலாகாது என்பதையும் இளைஞர் மறவாதிருப்பாராக.

ஓடும் வண்டியின் வேகத்தால் வரும் ஆபத்தை ஓட்டுபவர் தாமே முன்சென்று ஏற்கிறார். நிறுத்திய வண்டி உருளுமானால் அதன் முன்னே நிற்பவர் யாரென்று அவருக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு இறங்கிவரும் சிறுவனாக இருக்கலாம், கூடையோடு சந்தைக்குப் போகும் மூதாட்டியாக இருக்கலாம். ஆகவே தம் கையால் வண்டி கட்ட விரும்பும் பிள்ளைகளைப் பெற்றோர் தடுக்க வேண்டுவதில்லை. எஞ்சினை முடுக்கிக் காட்டுமுன், வீட்டு வாசலின் சரிவிலே அவ்வண்டியைக் கைப்பிறேக்கில் நிறுத்திக் காட்டுமாறு மட்டும் கேட்பார்களாக.