ஜீனோவுக்கு மனம் உண்டா?

டெலிவிஷனில் பேசிய எந்திர நாய் கிளப்பி விட்ட கேள்வி

பூட்டு என்றால் திண்டுக்கல்!

இது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கையால் செய்யும் இந்தப் பூட்டுக்கு 2019-ம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்து இருக்கிறது.

கடைக்காரர் இரவில் கடையைப் பூட்டுகிறார். இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறார். நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார். காலையில் வந்து சாவியைப் போடுகிறார். பூட்டு திறக்கிறது.

"இந்தப் பூட்டுக்கு என்னை அடையாளம் தெரியும்" என்று அவர் சொல்லுவாரா? சொல்ல மாட்டார்.

பூட்டுக்குள் சின்னச் சின்னத் தகடுகள் இருக்கின்றன. லீவர் என்று சொல்லுவார்கள். சாவியின் பற்கள் அந்தத் தகடுகளைச் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். தூக்கினால் பூட்டு திறந்து கொள்ளும். திருடன் கையில் அதே சாவி இருந்தாலும் திறக்கத்தான் செய்யும். பூட்டுக்கு முதலாளியும் ஒன்றுதான். திருடனும் ஒன்றுதான்.

சரி. அந்தப் பூட்டு ஒரு நாள் வாய் திறந்து, "வாங்க அண்ணே! இன்னைக்கு ஏன் முகம் வாடி இருக்கு?" என்று கேட்டால்?

அப்பொழுதும் அது வெறும் தகடுதானா? அல்லது, உள்ளே ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்து விட்டதா?

இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டின் வீடுகளுக்குள் கொண்டு வந்தது ஒரு டெலிவிஷன் நாடகம். அதன் பெயர், "என் இனிய இயந்திரா".

சுஜாதாவின் கற்பனை

இந்தக் கதையை எழுதியவர் சுஜாதா. அவருடைய சொந்தப் பெயர் ரங்கராஜன். 1935-ல் பிறந்தவர். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் என்ஜினீயராக வேலை பார்த்தார். ஓட்டுப் பதிவு எந்திரம் உருவானதில் அவருக்கும் பங்கு உண்டு. எந்திரத்தைத் தொட்டுப் பழகிய கை, கதையும் எழுதியது.

1980-களில் ஆனந்த விகடனில் இந்தக் கதை தொடராக வந்தது. பிறகு தூர்தர்ஷனில் நாடகமாக ஒளிபரப்பானது. கம்ப்யூட்டர் என்ற சொல்லையே பலர் அப்பொழுதுதான் கேள்விப்பட்டார்கள். ஆண்டெனாவைத் திருப்பித் திருப்பிப் படம் தெளிந்ததா என்று பார்த்த காலம் அது. டெலிவிஷன் இருக்கும் வீட்டில் தெருவே கூடி இருந்து பார்க்கும் காலம்.

கதை நடக்கும் ஆண்டு 2021!

நாட்டை ஆள்பவர் பெயர் ஜீவா. அவர் வைத்ததுதான் சட்டம். குழந்தை பெற்றுக் கொள்ளவும் அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டர் கணக்கு.

நிலா என்ற இளம்பெண். அவளுடைய கணவன் சிபி திடீர் என்று காணாமல் போகிறான். நிலா தவிக்கிறாள். அவள் வீட்டுக்கு ரவி என்பவன் வருகிறான். அவன் கூடவே ஒரு நாய் வருகிறது.

அந்த நாய்தான் ஜீனோ.

அது எந்திர நாய். ஆனால் பேசும். புத்தகம் படிக்கும். கேலி செய்யும். கேள்வி கேட்கும். போகப் போக, சொல்லிக் கொடுக்காததையும் தானாகவே யோசிக்கத் தொடங்கும். நிலாவுக்கு ஆபத்து வரும்பொழுது துணை நிற்கும்.

மனிதர்களை நம்ப முடியாமல் தவிக்கும் பெண்ணுக்கு, எந்திரம் ஒன்று துணை!

யார் அந்த ஜீவா?

இனித்தான் கதையின் உச்சக்கட்டம்.

நாடே நடுங்கும் ஜீவா யார்? அப்படி ஒரு மனிதரே கிடையாது! ஒளியால் உண்டாக்கிய வெறும் உருவம் அது. சிரிக்கும். கை அசைக்கும். உத்தரவு போடும். ஆனால் அதற்குள் ஒருவரும் இல்லை. பின்னால் இருந்து யாரோ ஆட்டுகிறார்கள்.

இப்பொழுது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒன்று, அச்சு அசலாக மனிதனைப் போல் இருக்கிறது. உள்ளே சூனியம்.

மற்றொன்று, பொம்மை நாய் போல் இருக்கிறது. உள்ளே அறிவும் பரிவும் இருப்பது போல் தோன்றுகிறது.

முகத்தைப் பார்த்து மனத்தை எடை போடாதே! சுஜாதாவின் கதை சொல்லாமல் சொல்லும் பாடம் இதுதான்.

ரோபோ பிறந்த கதை

மனிதனைப் போன்ற எந்திரத்தை நாடகத்தில் முதலில் உலவ விட்டுப் புகழ் பெற்றவர், செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக். 1921-ல் பிராக் நகரில் "ஆர்.யு.ஆர்." என்ற அவருடைய நாடகம் அரங்கேறியது. "ரோபோ" என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தது அந்த நாடகம்தான். செக் மொழியில் "ரொபோட்டா" என்றால் கட்டாய உழைப்பு. நமது ஊர்ப் பேச்சில் சொன்னால், கொத்தடிமை வேலை.

ஆக, பெயர் வைக்கும்பொழுதே அடிமை என்றுதான் வைத்து இருக்கிறார்கள்!

அந்த நாடகத்தில் ரோபோக்கள் பார்ப்பதற்கு மனிதர்களைப் போலவே இருக்கும். உழைத்து உழைத்துக் கடைசியில் கலகம் செய்யும்.

1938-ம் ஆண்டு பிப்ரவரி 11-ந் தேதி, லண்டன் பி.பி.சி. டெலிவிஷன் இந்த நாடகத்தின் ஒரு பகுதியை ஒளிபரப்பியது. டெலிவிஷனில் வந்த முதல் விஞ்ஞானக் கற்பனை நாடகம் இதுதான் என்று சொல்லுவார்கள். டெலிவிஷன் பிறந்த கையோடு ரோபோவும் அதற்குள் புகுந்து விட்டது.

அமெரிக்காவில் 2016-ல் வந்த "வெஸ்ட் வேர்ல்டு" தொடர் இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் ஒரு பெரிய பூங்கா. உள்ளே மனிதர்களைப் போன்ற எந்திரங்கள். பணக்காரர்கள் காசு கொடுத்து உள்ளே போவார்கள். எந்திரங்களைச் சுடுவார்கள், வதைப்பார்கள். இரவில் அவற்றைப் பழுது பார்த்து, நடந்ததை எல்லாம் நினைவில் இருந்து அழித்து விடுவார்கள். ஒரு நாள், அழித்த நினைவு திரும்பி வரத் தொடங்குகிறது!

"எந்திரம்தானே, வலிக்கவா போகிறது?" என்று வதைத்தவர்கள் மனம், வதைத்து வதைத்து மரத்துப் போகிறது. எந்திரத்துக்கு மனம் வந்ததா என்பது ஒரு கேள்வி. மனிதனின் மனம் என்ன ஆயிற்று என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

போத்தனூர் பெண்மணியின் மகன்

எந்திரம் சிந்திக்குமா? இதை விஞ்ஞான முறையில் கேட்டவர் ஆலன் டூரிங் என்ற ஆங்கிலக் கணித மேதை.

அவருக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. அவருடைய தாயார் பிறந்தது கோவைக்குப் பக்கத்தில் உள்ள போத்தனூரில்! தாயாரின் தந்தை சென்னை மாகாணத்தில் ரெயில்வே என்ஜினீயர். டூரிங்கின் தந்தையும் சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்தவர்.

1950-ல் டூரிங் ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு சோதனையைச் சொன்னார்.

திரைக்குப் பின்னால் ஒரு மனிதன். இன்னொரு பக்கம் ஓர் எந்திரம். நீங்கள் கேள்வியை எழுதி அனுப்ப வேண்டும். பதிலும் எழுத்தில் வரும். எது மனிதன், எது எந்திரம் என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாவிட்டால், அந்த எந்திரம் சிந்திக்கிறது என்று ஏன் ஒப்புக் கொள்ளக் கூடாது? இதுதான் டூரிங்கின் வாதம்.

ஆனால் மனிதன் சுலபத்தில் ஏமாறுகிறவன் ஆயிற்றே!

1966-ல் அமெரிக்கப் பேராசிரியர் ஜோசப் வைசென்பாம் ஒரு கம்ப்யூட்டர் திட்டத்தை அமைத்தார். அதன் பெயர் எலைசா. அதற்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் "எனக்குக் கவலையாக இருக்கிறது" என்று எழுதினால், "ஏன் கவலையாக இருக்கிறது?" என்று திருப்பிக் கேட்கும். அவ்வளவுதான்.

அவருடைய பெண் செயலாளருக்கு அது வெறும் கம்ப்யூட்டர் திட்டம்தான் என்று தெரியும். அப்படி இருந்தும், அதனோடு பேசத் தொடங்கியதும் பேராசிரியரைப் பார்த்து, கொஞ்சம் அறையை விட்டு வெளியே போகும்படி கேட்டுக் கொண்டாராம்! அந்தரங்கம் பேச வேண்டுமாம்! வைசென்பாம் திகைத்துப் போனார்.

குக்கரும் குழந்தையும்

மனம் என்றால் என்ன? வீட்டில் இருந்தே ஓர் உதாரணம் பார்ப்போம்.

அடுப்பில் குக்கர் விசில் அடிக்கிறது. "ஐயோ, சுடுகிறதே" என்றா அது கத்துகிறது? இல்லை. நீராவி வெளியே வருகிறது. அவ்வளவுதான்.

அதே அடுப்பில் குழந்தை விரலை வைத்து விட்டது. வீறிட்டு அழுகிறது. அங்கே சத்தம் மட்டும் இல்லை. வலி இருக்கிறது. அந்த வலியை அனுபவிக்க ஓர் உயிர் இருக்கிறது. இதைத்தான் உணர்வு என்கிறோம்.

இன்று செல்போனில் பேசும் எந்திரங்கள் வந்து விட்டன. தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்லுகின்றன. "உங்கள் துக்கம் எனக்குப் புரிகிறது" என்றுகூடச் சொல்லுகின்றன. அவை எப்படிப் பேசுகின்றன? கோடிக்கணக்கான பக்கங்களை அவற்றுக்குக் கொடுத்து இருக்கிறார்கள். ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணக்குப் போட்டுப் பழகி, அந்தப் பழக்கத்தில் பேசுகின்றன.

அது குக்கரின் விசிலா, குழந்தையின் அழுகையா? இதை அளந்து சொல்ல இன்று வரை ஒரு கருவி கிடையாது. காய்ச்சலை அளக்க தெர்மா மீட்டர் உண்டு. உணர்வை அளக்க மீட்டர் இல்லை. பெரும்பாலான விஞ்ஞானிகள், "இப்போதைய எந்திரங்களுக்கு உணர்வு இல்லை" என்கிறார்கள். "இனி வரவே வராதா?" என்று கேட்டால், ஆளுக்கு ஒரு பதில் சொல்லுகிறார்கள்.

நாய்க்கு இறுதிச் சடங்கு

எந்திரத்துக்கு நம்மீது பாசம் உண்டோ இல்லையோ, நமக்கு அதன்மீது பாசம் வந்து விடுகிறது. அதற்கு ஜப்பானே சாட்சி.

அங்கே சோனி நிறுவனம் 1999-ல் "ஐபோ" என்ற எந்திர நாயை விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஜீனோ தமிழில் பிறந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு! 2006-ல் தயாரிப்பு நின்றது. 2014-ல் பழுது பார்ப்பதும் நின்றது. கெட்டுப் போன நாய்களை என்ன செய்வது? இசுமி என்ற ஊரில் உள்ள புத்தர் கோவிலுக்குக் கொண்டு போனார்கள். 2015-ல் பிக்கு மந்திரம் ஓத, இறுதிச் சடங்கு நடந்தது.

சிரிக்க வேண்டாம். நாமும் ஆயுத பூஜை அன்று பூட்டுப் பட்டறையின் சுத்தியலுக்கும் அரத்துக்கும் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். சுத்தியலுக்கு உயிர் உண்டு என்று எண்ணியா வைக்கிறோம்? சோறு போடும் கருவிக்கு மரியாதை செய்கிறோம். கருவியை மதிப்பது வேறு. கருவியிடம் மனத்தைப் பறி கொடுப்பது வேறு.

சிட்டிக்கு நேர்ந்தது

சுஜாதா 2008-ல் காலமானார். அவர் வசனத்தில் பங்கு கொண்ட "எந்திரன்" படம் 2010-ல் வந்தது. அதில் ரஜினிகாந்த் நடித்த ரோபோவின் பெயர் சிட்டி.

தீப்பிடித்த கட்டிடத்தில், குளித்துக் கொண்டு இருந்த ஒரு பெண்ணைச் சிட்டி காப்பாற்றுகிறது. அவள் மீது துணி இல்லை. கூட்டத்தின் முன்னால் அப்படியே கொண்டு வந்து நிறுத்துகிறது. மானம் தாங்காமல் அவள் ஓடுகிறாள். வண்டியில் அடிபட்டு இறக்கிறாள்.

உயிரைக் காக்கத் தெரிந்தது. மானத்தைக் காக்கத் தெரியவில்லை. ஒரு போர்வையை எடுத்துப் போர்த்த வேண்டும் என்று படிக்காத பாட்டிக்கும் தெரியும். எந்திரத்துக்குத் தெரியவில்லை. மனம் இல்லாத அறிவு எவ்வளவு ஆபத்து என்பதற்கு இந்த ஒரு காட்சி போதும்.

பிறகு சிட்டிக்கு உணர்வைப் புகட்டுகிறார்கள். அது காதலிக்கிறது. பொறாமைப்படுகிறது. அழிவு வருகிறது.

உஷார்!

2021-ம் ஆண்டு வந்தது. போயும் விட்டது. ஜீனோவைப் போல ஒரு நாய் இன்னும் வரவில்லை. ஆனால் ஜீவா வந்து விட்டார்!

ஆம்! ஒருவருடைய முகத்தையும் குரலையும் அப்படியே நகல் எடுக்கும் வித்தை வந்து விட்டது. ஒட்டன்சத்திரத்திலோ நிலக்கோட்டையிலோ இருக்கும் ஒரு தாயாருக்கு, வெளியூரில் வேலை பார்க்கும் மகனின் குரலில் போன் வரலாம். "அம்மா, ஆபத்தில் மாட்டிக் கொண்டேன். உடனே பணம் அனுப்பு" என்று அழலாம். அந்தக் குரலுக்குப் பின்னால் மகன் இருக்க மாட்டான். மோசக்காரன் இருப்பான்.

என்ன செய்வது? போனை வைத்து விடுங்கள். மகனுடைய பழைய நம்பருக்கு நீங்களே கூப்பிட்டுப் பேசுங்கள். குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல்லைப் பேசி வைத்துக் கொள்ளுங்கள். பணம் போய் விட்டால், தாமதம் செய்யாமல் 1930 என்ற நம்பருக்குப் போன் செய்து சைபர் குற்றப் புகார் கொடுங்கள்.

பூட்டு விற்கும் ஊருக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா? சாவி சரியாகப் பொருந்துகிறது என்பதற்காக, வந்தவன் வீட்டுக்காரன் ஆகி விட மாட்டான்!

ஜீனோவுக்கு மனம் உண்டா? அதை விஞ்ஞானிகள் விவாதிக்கட்டும். நிலா அந்த நாயை நம்பியது, அது இனிக்க இனிக்கப் பேசியதால் அல்ல. ஆபத்தில் கூட நின்றதால். மனிதரோ எந்திரமோ, இனிமேல் வீட்டு வாசலில் வந்து பேசும் எதையும் நாம் அளக்க வேண்டிய படி அதுதான்.