நகலெடுக்காமல் பைப்புக்குள் தரவு போவது எப்படி?

லினக்ஸில் ஒரு நிரல் இன்னொன்றுக்குத் தரவு அனுப்பப் பைப் உதவுகிறது. வழக்கமான ‘ரைட்’ அழைப்பில், நிரலின் நினைவகத்திலுள்ள ஒவ்வொரு பைட்டையும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தன் நினைவகத்துக்கு நகலெடுக்கிறது. தரவு பெருகப் பெருக, ப்ராசஸரின் நேரம் இதிலேயே கரைகிறது.

2006-இல் லினக்ஸின் 2.6.17 பதிப்பில் வந்த ‘விஎம்ஸ்ப்ளைஸ்’ அழைப்பு இந்த வேலையைத் தவிர்க்கிறது. எப்படி? பைப் என்பது உள்ளே, நினைவகப் பக்கங்களைச் சுட்டும் ஒரு வளையப் பட்டியல். இயல்பாக 16 இடங்கள். பக்கம் ஒன்று 4 கிலோபைட் என்றால் மொத்தம் 64 கிலோபைட். விஎம்ஸ்ப்ளைஸ் தரவை நகர்த்துவதில்லை. நிரலின் பக்கம் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் அப்பட்டியலில் குறிக்கிறது. சாமான்களைச் சுமக்காமல் வீட்டுச் சாவியைக் கொடுப்பது போல.

ஆனால், மறுமுனை படித்து முடிக்குமுன் நிரல் அதே பக்கத்தில் வேறெதையாவது எழுதினால், மாறிய தரவே போய்ச் சேரும். அதுவரை அந்தப் பக்கத்தைத் தொடாமலிருப்பது நிரலாளரின் பொறுப்பு.