கீழேயே நின்றுவிடும் பெடல்

புளியங்குடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கைமாறி வந்த பழைய காரை வைத்து ஓட்டிக்கொண்டிருப்பவர். சீசன் நேரத்தில் குடும்பத்தோடு குற்றாலம் போயிருக்கிறார். மெயின் அருவிச் சாலையில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தபோது, மிதித்த கிளட்ச் பெடல் மிதித்தபடியே நின்றுவிட்டது. கால் விரலை அடியில் கொடுத்துத் தூக்கினால் மேலே வருகிறது, அடுத்த மிதியில் மறுபடியும் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. மறுநாள் காலையில் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. பட்டறைக்குக் கொண்டுபோனதும், "ஸ்பிரிங் செத்துப்போச்சு அண்ணாச்சி, மாத்திருவோம்" என்றிருக்கிறார்கள். மாற்றியும் ஆயிற்று. அடுத்து தென்காசிக்குப் போன ஒரு வெயில் நாளில் பழைய கதை திரும்பவும் தொடங்கிவிட்டது. ஸ்பிரிங் புதிது, பிறகு ஏன் இப்படி என்று கேட்கிறார்.

கிளட்ச் எதற்கு, கியர் எதற்கு என்பதெல்லாம் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். நேராக அந்த ஸ்பிரிங்குக்கே போய்விடலாம். காரில் உள்ள சின்னச் சாமான்களில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். அதன் மேல் சுமத்தப்படும் பழிகளில் பாதி பொய்ப்பழி.

பெடல் மேலே ஒரு முளையில் தொங்குகிறது. மிதித்தால் அந்த முளையைச் சுற்றித்தான் திரும்பும். முளையை ஒட்டினாற்போல ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. அதன் ஒரு முனை வண்டியின் உடம்போடும் மறுமுனை பெடலோடும் சேர்ந்திருக்கும். கால் வைக்காதபோது ஸ்பிரிங்கின் விசை முளைக்கு ஒரு பக்கமாகப் போகிறது, அதனால் பெடலை மேலே பிடித்துவைக்கிறது. மிதிக்க மிதிக்க அந்த விசைக்கோடு முளையை நெருங்கி, ஓரிடத்தில் அதைத் தாண்டி மறுபக்கம் போய்விடுகிறது. அந்தக் கணத்திலேயே ஸ்பிரிங் கட்சி மாறிவிடும். அதுவரை பெடலை மேலே பிடித்திருந்தது, இனி கீழே தள்ளும். சாரல் காலத்தில் தென்காசி பஸ் ஸ்டாண்டில் குடை பிடித்து நின்றவர்களுக்கு இது புரியும். எதிர்காற்றில் என் குடை ஒரு அளவு வரை வளைந்து மீண்டுவிடும். அந்த அளவைத் தாண்டினால் சட்டென்று மேல்நோக்கிப் புரண்டு அப்படியே நின்றுகொள்ளும். கம்பிகள் அதே கம்பிகள்தான், எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது மட்டும் மாறியிருக்கும்.

இப்படி ஒரு இரட்டை வேடம் எதற்கு? உள்ளே பிரஷர் பிளேட் கிளட்ச் பிளேட்டைச் சில நூறு கிலோ எடைக்கு நிகரான விசையோடு அழுத்திப் பிடித்திருக்கிறது. அதை விடுவிக்கும் வேலை நம் இடது காலுடையது. பெடல் முக்கால் சாண் நகர்ந்தால் உள்ளே ரிலீஸ் பேரிங் ஒரு சென்டிமீட்டர்கூட நகராது. அந்த விகிதத்தால்தான் காலால் மிதிக்க முடிகிறது. அப்படியும் நகர நெரிசலில் முட்டி வலிக்கும். ஆகவே மிதியின் பிற்பாதியில் காலுக்கு ஒரு கைகொடுக்க இந்த ஸ்பிரிங்கை வைத்தார்கள்.

கால் எடுத்ததும் பெடல் எப்படி மேலே வருகிறது என்பதில்தான் வாசகரின் சிக்கல் அடங்கியிருக்கிறது. கீழ்நிலையில் ஸ்பிரிங் எதிர்க்கட்சியில் அல்லவா இருக்கிறது? பெடலைத் தூக்கிவிடுவது பிரஷர் பிளேட்டுக்குள் இருக்கும் பெரிய தட்டு ஸ்பிரிங். நடுவில் குவிந்த தட்டுபோல இருக்கும் அந்த வகை ஸ்பிரிங்குக்கு பிரான்ஸின் ஜூலியன் பெல்வில் 1867-ல் காப்புரிமை வாங்கினார். கார் கிளட்சில் இருப்பது அதன் வழிவந்தது. அது திருப்பித் தள்ளும் விசை கேபிள் வழியாகவோ ஆயில் வழியாகவோ பெடலுக்கு வந்து, சின்ன ஸ்பிரிங்கை வென்று, முளையின் அந்தப் பக்கத்துக்குத் தள்ளிவிட வேண்டும். அங்கிருந்து மிச்சத் தூரத்தைச் சின்ன ஸ்பிரிங்கே பார்த்துக்கொள்ளும். வழியில் அந்த விசை தொலைந்துபோனால், சின்ன ஸ்பிரிங் தன் கடமையைச் சரியாகச் செய்து பெடலைத் தரையிலேயே பிடித்துவைக்கும். புது ஸ்பிரிங் போட்டால் இன்னும் நன்றாகவே பிடித்துவைக்கும்!

ஆகவே தேட வேண்டியது, விசை எங்கே தொலைகிறது என்பதை.

முதலில் தரைவிரிப்பைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். அமெரிக்காவில் 2009-ல் டொயோட்டா லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்ததற்கு முதல் காரணம் ஆக்ஸிலரேட்டர் பெடலில் சிக்கிய தரைவிரிப்புதான். அருவியில் குளித்த ஈரக்காலோடு ஏறுகிறார்கள் என்று விரிப்புக்கு மேல் விரிப்பு போடுகிறவர்கள் நம்மிடையே நிறைய.

அடுத்து, உங்கள் வண்டி கேபிளா ஆயிலா என்று பார்க்க வேண்டும். மாருதி 800, ஆல்ட்டோ, ஆம்னி எல்லாம் கேபிள். புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை ஏற்றும் டாடா ஏஸும், அதாவது நம் குட்டி யானையும், கேபிள் வண்டியே. கேபிள் வண்டியில் பெடல் பெரும்பாலும் திடீரென்று விழாது. நாளுக்கு நாள் கனக்கும், மிதிக்கும்போது நறநறக்கும், மெதுவாக எழும். உறைக்குள் கம்பியின் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து முள்போல உறையைக் குத்திக்கொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி, பிரச்சினையை இரண்டாக வெட்டுவது. கியர் பாக்ஸ் பக்கம் கேபிளைக் கழற்றிவிட்டு, அந்த முனையைக் கையால் இழுத்து விட்டுப் பார்க்க வேண்டும். அப்போதும் இறுக்கமாக ஓடினால் குற்றவாளி கேபிள், அல்லது பெடல் முளையின் தேய்ந்த புஷ். வழுக்கிக்கொண்டு ஓடினால் ஃபோர்க், ரிலீஸ் பேரிங் பக்கம் போக வேண்டும். கால்மணி நேர வேலை. இதைச் செய்யாமல் கியர் பாக்ஸை இறக்குகிற பட்டறைக்கு வண்டியை விடாதீர்கள்.

வாசகரின் கார் ஆயில் வண்டி என்றே நினைக்கிறேன். சூட்டில் விழுந்து குளிரில் சரியாகும் பெடல் பெரும்பாலும் ஆயில் வண்டியுடையது. பெடலுக்குப் பின்னால் மாஸ்டர் சிலிண்டர், கியர் பாக்ஸ் பக்கம் ஸ்லேவ் சிலிண்டர், நடுவில் குழாய். உள்ளே ஓடுவது பிரேக் ஆயில். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பாவிலிருந்துதான் ஆயில் போகிறது.

ஆயிலை நசுக்க முடியாது, காற்றை நசுக்கலாம். ரிலீஸ் பேரிங் நகர்வதே ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவு என்று பார்த்தோம் அல்லவா, அதில் சில மில்லிமீட்டரை ஒரு காற்றுக் குமிழி விழுங்கிவிட்டால் திரும்பி வரும் விசையும் நொண்டியாகிவிடும், சின்ன ஸ்பிரிங் முளையைத் தாண்டாது. குமிழி எங்கிருந்து வரும்? கசிவு வழியாக வரலாம். அல்லது ஆயிலுக்குள்ளிருந்தே பிறக்கலாம். இதுதான் பலருக்குத் தெரியாத சங்கதி.

பிரேக் ஆயில் பெயருக்குத்தான் ஆயில். கிளைக்கால் வகை ரசாயனங்களால் ஆன இந்தத் திரவத்துக்குத் தண்ணீர் என்றால் ஆசை. காற்றிலிருக்கும் ஈரத்தை டப்பா மூடி வழியாகவும் ரப்பர் குழாயின் சுவர் வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்று முத்திரை குத்திய புது ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. அதே ஆயிலில் நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர் ஏறிய பின்பு அந்த எல்லை 155-க்கு இறங்கிவிடுகிறது. டாட் 3 என்றால் 205-லிருந்து 140-க்கு. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஜூன் முதல் சாரல் அடிக்கும் ஊர்களில் ஈரத்துக்கா பஞ்சம்? தண்ணீர் ஏறிய ஆயில் சூட்டில் ஆவிக்குமிழி விடும். ஆறினால் குமிழி மறையும், மறுநாள் காலையில் பெடல் நல்ல பிள்ளையாக இருக்கும். அதே தண்ணீர் சிலிண்டர் சுவரை அரித்துக் குழியாக்குகிறது. குழியில் உரசி ரப்பர் வாஷர் கிழிகிறது. கிழிந்த வாஷரைத் தாண்டி ஆயில் உள்ளுக்குள்ளேயே பின்னால் நழுவிவிடும். வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாது.

கார் கம்பெனிகளின் கையேடுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, சில மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, இந்த ஆயிலை மாற்றச் சொல்கின்றன. வருஷம் தவறாமல் என்ஜின் ஆயில் மாற்றுகிற நாம் இதை வாங்கிய நாளிலிருந்து தொடுவதே இல்லை. அளவு குறைந்தால் மேலே ஊற்றி நிரப்புகிறோம், அவ்வளவுதான். அதைவிட மோசம், கைக்கு எட்டிய என்ஜின் ஆயிலை அந்த டப்பாவில் ஊற்றுவது. சிலிண்டர்களிலுள்ள ரப்பருக்கு மினரல் ஆயில் ஆகாது, வாஷர்கள் ஊதிப் பருத்துவிடும். டப்பா பிரேக்குக்கும் பொதுவானதாக இருந்தால், கிளட்ச் ரிப்பேர் பார்க்கப் போய் பிரேக்கையே கெடுத்த கதையாகிவிடும்.

சூடு எங்கிருந்து வருகிறது என்றும் கேட்க வேண்டும். திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலை, 744-ஆம் எண் சாலை, புளியங்குடி பஜாருக்கு நடுவே போகிறது. கேரளா போகும் லாரிகளும் லோடு வண்டிகளும் அதில்தான். புளியரை எஸ் வளைவில் முன்னால் லாரி நின்றால் பின்னால் நிற்கும் கார்க்காரர் ஹேண்ட் பிரேக் போடுவதில்லை. ஹாஃப் கிளட்சில் வண்டியை ஏற்றத்திலேயே தொங்கவிட்டு நிற்கிறார். அது திறமை என்று ஒரு நினைப்பு. ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களே பெருமையாகச் சொல்லித்தருகிறார்கள். அந்த நேரமெல்லாம் பிளேட் தேய்ந்து தீய்ந்துகொண்டிருக்கும். அதை மூடியிருக்கும் கூடு கொதிக்கும், அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ஸ்லேவ் சிலிண்டரும் சேர்ந்து சுடும். சமதரையிலும் இடது காலைப் பெடல் மேலேயே வைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. ரிலீஸ் பேரிங் ஓயாமல் சுற்றும், உள்ளிருக்கும் கிரீஸ் உலர்ந்துபோகும். பிளேட் தேயத் தேய அந்தத் தட்டு ஸ்பிரிங்கின் இருப்பு நிலை மாறி பெடலும் கனத்துக்கொண்டே வரும். கார் கெட்டது என்று சொல்வோம், கால் கெட்டது என்று சொல்ல மாட்டோம்.

வாசகர் செய்ய வேண்டியது இது. பெடலுக்கு மேலே, மாஸ்டர் சிலிண்டரின் தண்டு உள்ளே நுழையும் இடத்தில் ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கட்டும். ஈரம் பட்டால் மாஸ்டர் கசிகிறது. கீழே ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பார்க்கட்டும். அங்கேயும் உலர்ந்திருந்தால், பெடலைத் தொடர்ந்து பலமுறை மிதித்துப் பார்க்க வேண்டும். மிதிக்க மிதிக்க உயரம் கூடினால் காற்று இருக்கிறது. என்ஜின் ஓட, பிரேக்கும் ஹேண்ட் பிரேக்கும் பிடித்து, கியர் போட்டபடி பெடலை முழுக்க மிதித்துப் பிடித்திருக்கும்போதே வண்டி மெல்ல முன்னால் நகரப் பார்த்தால், மாஸ்டரின் வாஷர் உள்ளே விட்டுக்கொடுக்கிறது. இதைக் காலியிடத்தில், எதிரே ஆள் நிற்காமல் பார்த்துச் செய்ய வேண்டும்.

பெடலைச் சைக்கிள் டியூபால் மேலே இழுத்துக் கட்டுகிற வைத்தியமும் சில இடங்களில் நடக்கிறது. பெடல் எழும். உள்ளே கசிவு கசிந்தபடியே இருக்கும், தெரியாமல் போவதுதான் மிச்சம். பிறகு ஒருநாள் மிதிக்க விசையே இருக்காது. கியர் விழாமல் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

வாஷர் கிட் மாற்றுவதா, முழு சிலிண்டரையே மாற்றுவதா என்று பட்டறையில் கேட்பார்கள். சிலிண்டரைக் கழற்றி உள்சுவரை விரல் நகத்தால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். குழி தட்டினால் கிட் போட்டுப் பயனில்லை, புது வாஷரையும் அந்தக் குழி சீக்கிரமே தின்றுவிடும். புதிய கார்கள் சிலவற்றில் ஸ்லேவ் சிலிண்டரை ரிலீஸ் பேரிங்கோடு சேர்த்துக் கியர் பாக்ஸ் தண்டைச் சுற்றி உள்ளேயே வைத்துவிட்டார்கள். அது கசிந்தால் கியர் பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும். ஆகவே அந்த வண்டிகளில் கிளட்ச் செட் மாற்றும்போதே அந்த சிலிண்டரையும் மாற்றிக்கொள்வது கூலியை மிச்சப்படுத்தும்.

எதை மாற்றினாலும் கடைசியில் ஏர் எடுக்க வேண்டும். மேலே ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, கீழே ஒருவர் ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளைத் திறந்து ஆயிலை விட்டு, பெடல் எழும் முன் மூட வேண்டும். டப்பா ஒருபோதும் வற்றக் கூடாது. குமிழி நின்றதும் நிறுத்திவிடாமல், கறுத்த ஆயில் தீர்ந்து புது ஆயிலின் நிறம் வரும்வரை விடச் சொல்லுங்கள். நிப்பிளில் வந்த ஆயிலை மறுபடி டப்பாவில் ஊற்ற விடாதீர்கள். திறந்து பல மாதம் ஆன டின்னையும் வாங்க வேண்டாம், அது கடையில் இருந்தபடியே ஈரம் குடித்திருக்கும். பானெட்டின் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், பெயிண்டை உரித்துவிடும். பெடலின் தொடக்கத்தில் கையேடு சொல்லும் சிறு ஆட்டம் இருக்கிறதா என்பதையும் வண்டியை எடுக்கும் முன் கையால் அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஆட்டம் இல்லாமல் தண்டை முறுக்கிவைத்தால், மாஸ்டரில் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் துளை மூடியே இருக்கும். சூட்டில் விரிந்த ஆயில் போக இடமின்றிக் கிளட்சைத் தானே மிதித்துப் பிடிக்கும், புது பிளேட் வழுக்கித் தேயும்.