‘ரிமூவல்’, ‘டிஸ்மிஸல்’: ரெண்டும் ஒண்ணா?

பேச்சு வழக்கில் ‘ரிமூவல்’, ‘டிஸ்மிஸல்’ ரெண்டுக்கும் ‘வேலை போச்சு’ என்றுதான் அர்த்தம். ஆனால், பொன்மலை ரயில்வே பணிமனை ஊழியருக்கு வரும் உத்தரவில் ரெண்டும் வேறு வேறு. ரயில்வே ஊழியர் ஒழுங்கு, மேல்முறையீட்டு விதிகள் 1968-ன்படி, ‘ரிமூவல்’ ஆனவர் மீண்டும் அரசு வேலைக்குப் போக அந்தத் தண்டனை தடையில்லை. ‘டிஸ்மிஸல்’ என்றால் பொதுவாக அந்த வாய்ப்பும் போய்விடும்.

அப்போ ‘சஸ்பென்ஷன்’? அது தண்டனையே இல்லை, தற்காலிகப் பணி நிறுத்தம். பிழைப்பூதியம் உண்டு. ‘சென்ஷர்’? வெறும் கண்டனம்தானே என்று தோன்றும். ஆனால், அது தண்டனைப் பட்டியலில் இருக்கிறது.

தண்டனை உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். அதனால், இந்த வார்த்தைகளுக்கு அகராதியில் அர்த்தம் தேடாமல் முதலில் விதிப் புத்தகத்தைப் பாருங்க.