'பெட்டர்', தேவலை, பேதம்: எல்லைப்புற வழக்கில் ஓர் ஒப்பீட்டுச் சொல்

ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் ஒப்பீட்டுச் சொற்களுள் 'பெட்டர்' ஒன்று. ஆங்கிலம் கற்பிக்கும் தமிழ் நூல்கள் 'குட்', 'பெட்டர்', 'பெஸ்ட்' என்னும் மூன்றையும் நல்ல, மிக நல்ல, மிகச் சிறந்த எனப் படிப்படியாக அடுக்கிக் காட்டுவதுண்டு. இவ்வடுக்கு மனப்பாடத்துக்கு எளிது, பொருளுக்குப் பொருந்துவதன்று. 'பெட்டர்' என்பது நன்மையின் இரண்டாம் படியைக் குறிப்பதில்லை. ஒன்றினின்று மற்றொன்று எத்திசையில் விலகியுள்ளது என்பதையே குறிக்கிறது. நூற்றுக்கு 12 மதிப்பெண் பெற்றவனினும் 20 பெற்றவன் 'பெட்டர்'. எனினும் இருவரும் 'குட்' அல்லர். இவ்விடத்தில் 'சிறந்தவன்' என மொழிபெயர்ப்பது பிழையாகும். 'தேவலை' என்பதே பொருந்தும்.

இவ்வுண்மையை விளக்கப் பனச்சமூடு, பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளின் வழக்கு பெரிதும் துணைசெய்கிறது. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆட்சி எல்லை பிரிந்ததே அன்றிப் பேச்சு பிரியவில்லை. மரத்தடியைக் குறிக்கும் 'மூடு' என்னும் ஊர்ப்பெயர் ஈறே இருமொழிக்கும் பொதுவானது. இங்குக் கறுப்போடிய இரு மரச்சீனிக் கிழங்குகளை ஒப்பிடுமிடத்துத் தமிழர் 'அதைவிட இது தேவலை' என்பர். மலையாளியர் 'அதினெக்காள் பேதம் இதாணு' என்பர். இரண்டு கூற்றிலும் கிழங்கு நல்லது என்னும் கருத்தே இல்லை. ஆங்கிலச் சொல்லின் உட்கூறு இவ்விரு சொற்களிலும் அப்படியே காணப்படுகிறது.

திராவிட மொழிகளில் பெயரடையோடு சேர்ந்து ஒப்பீடு காட்டும் ஈறு இல்லை என்பதைக் கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் எடுத்துரைத்தார். தமிழில் அப்பணியைப் பெயரின்பால் நிற்கும் உருபும் சொல்லுருபுமே ஆற்றுகின்றன. ஐந்தாம் வேற்றுமைக்கு உரையாசிரியர்கள் உவமப் பொருவு, உறழ் பொருவு என இருவகை கூறுவர். ஆதலின் 'கடலின் பெரிது காயல்' என்றால் கடல்போற் பெரிது எனவும் கடலினும் பெரிது எனவும் பொருள் கொள்ள இடமுண்டு. இம்மயக்கத்தை நீக்க 'விட', 'காட்டிலும்', 'பார்க்கிலும்' முதலியன பயன்படுகின்றன. 'இரண்டில் எது நல்லது?' என்னும்போது அவையும் வேண்டப்படுவதில்லை.

'தேவலை' என்பதற்குத் 'தாவிலை' என்னும் வடிவமும் உண்டு. 'தா' என்பது வருத்தத்தையும் குறிக்கும் எனத் தொல்காப்பிய உரியியல் கூறுவதால், வருத்தமின்மையே இச்சொல்லின் அடிப்பொருள் எனக் கருத இடமிருக்கிறது. 'பேதம்' பிளத்தலைக் குறிக்கும் வடசொல் வேரிலிருந்து வந்தது. வேறுபாடு என்னும் பொருள் மலையாளத்தில் நல்ல வேறுபாடாக வளர்ந்து, நோய் தணிதலையும் குறிக்கலாயிற்று. பொதுத் தமிழில் அதே சொல் பிணக்கின் பக்கம் சாய்ந்தது; அதன் இனமான 'பேதி' வயிற்றுப்போக்கைக் குறித்தது. மலையாளத்தில் 'பனி' என்பது காய்ச்சல். 'பனி பேதமாயி' என்பதை வடதமிழகத்தார் ஒருவர் முதன்முறை கேட்டால் என்ன நினைப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை!

வியப்புக்குரியது, ஆங்கிலச் சொல்லும் நோய் தணிதலோடு உறவுடையது என்பதாகும். 'பெட்டர்', 'குட்' என்பதன் வேரில் தோன்றியதன்று. பழைய ஆங்கிலத்தில் மருந்தையும் பரிகாரத்தையும் குறித்த 'போட்' என்னும் சொல்லின் இனத்தது அது. இன்றும் நோயாளி 'பெட்டர்' என்றால் சற்றே தேறினார் எனவும், முற்றும் குணமடைந்தார் எனவும் இருபொருள்படும். மற்ற ஒப்பீட்டுச் சொற்கள் எளிதில் ஏற்காத 'கம்ப்ளீட்லி' என்னும் அடையை இப்பொருளில் இது ஏற்கிறது.

மாணவர் 'வெரி பெட்டர்' என எழுதும் பிழைக்கும் இங்கே காரணம் கிடைக்கிறது. ஆங்கில மரபு 'மச் பெட்டர்' என்பதே. ஆயின் 'ரொம்பத் தேவலை', 'வளரெ பேதம்' என்பன பிழையற்ற தொடர்கள். இச்சொற்கள் தம்மளவில் ஒப்பீட்டு வடிவங்கள் அல்ல. அவற்றின் இடத்தில் 'பெட்டர்' வந்தமரும்போது அவற்றின் இலக்கணத்தையே ஏற்றுக்கொள்கிறது. 'ரொம்ப பெட்டர்' என்னும் பேச்சு வழக்கு அவ்வாறு பிறந்தது எனலாம். ஆசிரியர் இதனைக் கவனக்குறைவெனத் தள்ளாமல் தாய்மொழித் தொடரைக் காட்டித் திருத்துவது பயன்தரும்.

தேர்வுத் தாளினும் இவ்வேறுபாடு மிகத் தேவைப்படுவது நோயாளியின் படுக்கையருகே. 1951-இல் தொடங்கப்பெற்ற திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குக் குமரி மாவட்டத்தாரும் செல்கின்றனர். மலையாளத்தில் 'பேதமுண்டு' என்றால் ஓரளவு தேறியிருக்கிறது என்பது பொருள். 'பேதமாயி' என்றால் நோய் நீங்கிற்று என்பது பொருள். 'இப்போது தேவலை' என்னும் தமிழ்த்தொடர் பெரும்பாலும் முன்னதற்கே ஈடாகும். மூன்றையும் 'பெட்டர்' என்னும் ஒரே சொல்லால் பெயர்த்தால், மருந்தைத் தொடர வேண்டியவரும் நிறுத்தத் தக்கவரும் ஒருவராகிவிடுவர். ஆங்கில-தமிழ் அகராதிகள் இச்சொல்லுக்கு 'மேலான', 'சிறந்த' என்பவற்றோடு நில்லாமல் 'தேவலையான', 'சற்றுத் தேறிய', 'முற்றும் குணமான' என்னும் மூன்றையும் தனித்தனி எண்ணிட்டு, ஒவ்வொன்றுக்கும் எடுத்துக்காட்டுத் தொடர் தருதல் வேண்டும்.